பல்லு என்ன கத்திரியா?

கடைக்குப் புதுசா வர்ற கஸ்டமருங்க எல்லாருமே ஒரு தடவையாவது கேட்டுருவாங்க, என்னக்கா கழுத்துல என்னமோ தொங்குதுன்னு. கறுப்பு நாடாவுல கோர்த்த நூல் கட்டர்ங்க அது. இருபத்திரண்டு வருசமா சேலம் அம்மாபேட்டையில ப்ளவுஸ் தைக்கிறேன், அதுல இருபது வருசம் நூலை வாயாலதான் கடிச்சு அத்தேன். கட்டர் மெசின் மேலயே கிடக்கும், ஆனா கை துணியைப் பிடிச்சிருக்கும்போது வாய்தான் பக்கத்துல இருக்கு, டக்குனு ஒரு கடி, முடிஞ்சது வேலை. இப்ப நான் சிரிச்சா மேல் முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஓரத்துல எலி கொறிச்ச மாதிரி சின்னதா ஒரு பள்ளம் தெரியும், அது நூலு போட்ட தடம். பாலியஸ்டர் நூல் இருக்கே, அது கம்பி மாதிரிங்க.

ஆனா நான் டாக்டர்கிட்ட போனது அதுக்காக இல்ல. அந்தக் கதைய மொதல்ல சொல்லிடறேன்.

ரெண்டு வருசம் முன்னாடி ஆடி 1. சேலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்த ஊர்க்காரங்களுக்காகச் சொல்றேன், அன்னிக்கு எங்க ஊர்ல தேங்கா சுடுவோம். தேங்காய நல்லா தேய்ச்சு வழவழன்னு ஆக்கி, கண்ணுல ஓட்டை போட்டு, பாதித் தண்ணிய எடுத்துட்டு உள்ளாற வெல்லம், பொட்டுக்கடலை, எள்ளு, அவல் எல்லாம் போட்டு, அழிஞ்சில் குச்சிய சொருகி தெருவுல நெருப்பு மூட்டி சுடறது. ஓடு வெடிச்சு, உள்ள இருக்கிற பருப்பு வெல்லப்பாகுல வெந்து, அந்த வாசனைக்கே தெருவுல இருக்கிற எல்லாப் புள்ளைங்களும் வந்து நிக்கும். பிள்ளையாருக்குப் படைச்சுட்டு ஒரு பத்தை எடுத்து வலது பக்கம் வெச்சு கடிச்சேன் பாருங்க, காதுல இருந்து தாடை வரைக்கும் யாரோ ஊசிய இறக்கின மாதிரி இருந்துச்சு. இடது பக்கம் வெச்சு ஏன் கடிக்கலன்னா, இடது பக்கம் கீழ கடவாப்பல்லு கிடையாது. அது தனிக் கதை, வர்றேன்.

அன்னிக்கு ராத்திரி தூங்கல. வேடிக்கை என்னன்னா உக்காந்திருந்தா பரவால்ல, படுத்தா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. (பல்லுக்குள்ள இருக்கிற நரம்புப் பகுதி வீங்கி இருக்கும்போது படுத்தா தலைக்கு ரத்த ஓட்டம் கூடி அழுத்தம் ஏறும், பல்லு கெட்டியான பெட்டிங்கறதால வீங்கறதுக்கு உள்ள இடம் இல்ல, அதான் அந்த வலின்னு டாக்டரம்மா அப்புறமா சொன்னாங்க.) பச்சத் தண்ணி பட்டா ஒரு நிமிசம் வரைக்கும் வலி இழுத்துக்கிட்டே போகுது. எங்க வீட்டு வைத்தியம் கிராம்புத் தைலம், பஞ்சுல நனைச்சு வெச்சேன், ஒரு மணி நேரம் மரத்துச்சு, மறுபடி ஆரம்பிச்சுது, மறுபடி வெச்சேன், காலையில பாத்தா ஈறு வெந்து வெள்ளையா தோல் உரிஞ்சிருக்கு. அப்புறம் மெடிக்கல்ல போயி "பல்லு வலிக்கு ஒரு செட் குடுங்கண்ணே"ன்னு வாங்கி மூணு நாள் போட்டேன். அந்த செட்டுல ஆன்டிபயாட்டிக்கும் இருந்துச்சு. அது வெறும் நரம்பு வலிக்கு ஒண்ணும் செய்யாதாம், உள்ள சொத்தை போயி நரம்பைத் தொட்டிருக்கு, அதை வாய்க்குள்ள கைய விட்டு சரி பண்ணாம மாத்திரை என்ன பண்ணும்? நானும் சுடிதாருக்கு அளவு எடுக்காம தைச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவதான், இருந்தும் போட்டேன்.

இப்ப இடது பக்கக் கதை. மூத்தவளை மாசமா இருந்தப்ப எனக்கு நாலு மாசம் வரைக்கும் வாந்தி, வாந்தி எடுத்த உடனே வாயெல்லாம் புளிக்குதுன்னு பல்லை விளக்குவேன், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவ. அது தப்பாம். வயித்து ஆசிட் பட்டு பல்லோட மேல்தோடு கொஞ்ச நேரம் இளகி இருக்கும், அப்ப பிரஷ் போட்டா சுரண்டி எடுத்த மாதிரி ஆயிருமாம், வெறும் தண்ணியில கொப்புளிச்சு அரைமணி நேரம் கழிச்சுத்தான் விளக்கணுமாம். அப்ப யாரு சொன்னா? அஞ்சாம் மாசம் கீழ இடது கடவாப்பல்லுல கறுப்பா ஒரு புள்ளி வந்து லேசா கூச ஆரம்பிச்சுது. மாமியாரு, எங்கம்மா, பக்கத்து வீட்டு பெரியம்மா எல்லாரும் ஒரே குரல்ல, மாசமா இருக்கிறப்ப பல்லுல கை வெக்கக் கூடாது, புள்ளைக்கு ஆகாது, உன் பல்லுல இருக்கிற கால்சியத்தைத்தான் புள்ள உறிஞ்சுது, பொறந்தா சரியாயிரும்னாங்க. புள்ள பல்லுல இருந்து எல்லாம் ஒண்ணும் உறிஞ்சறதில்லையாம். அதுவும் நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள அடைக்கிற வேலை எல்லாம் தாராளமா பண்ணலாமாம். சரியா அந்த நேரத்துலதான் நான் வீட்டுல உக்காந்து கிராம்பு மென்னுக்கிட்டு இருந்தேன்.

புள்ள பொறந்து எட்டு மாசத்துல பல்லு பாதி உடைஞ்சு, ஒரு கிளினிக்குக்குப் போனேன், எந்த கிளினிக்னு வேண்டாம். எக்ஸ்ரே கூட எடுக்கல. "ரூட் கேனால்னா செலவாகும்மா, நாலஞ்சு தடவ வரணும், பிடுங்கிட்டா இருநூறு ரூபாயில முடிஞ்சுது, இத்தனை பல்லு இருக்கே"ன்னாரு. எனக்கும் அது ரொம்ப நியாயமா பட்டுச்சு. முப்பத்திரண்டுல ஒண்ணு போனா என்ன? பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டேன், பஞ்சைக் கடிச்சுக்கிட்டு டவுன் பஸ்ல வீட்டுக்கு வந்தேன். வரும்போது யாரும் என்கிட்ட சொல்லல, அந்தக் காலி இடத்துல ஏதாவது வெக்கணும்னு. இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஆறாத கோவம். பிடுங்கினது கூட இல்ல, சொல்லாம விட்டது.

ஏன்னா பல்லு ஒண்ணு தனியா நிக்கிற சாமான் இல்ல. கூரையில ஒரு ஓடு எடுத்தா பக்கத்து ஓடு சரியும்ல, அதேதான். என் காலி இடத்துக்குப் பின்னாடி இருந்த பல்லு பத்து வருசத்துல முன்பக்கமா சாஞ்சிருச்சு. மேல நேர் எதிர்ல இருந்த பல்லுக்கு முட்ட ஆள் இல்லாததால அது கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்கிருச்சு, இறங்கினதுல வேரு பக்கம் வெளிய தெரிய ஆரம்பிச்சு கூச்சம். சாஞ்ச பல்லுக்கு அடியில சோறு, கீரை, எல்லாம் போயி மாட்டும். எடுக்க எடுக்க மாட்டும். பல்லு இருந்த இடத்து எலும்பும் கரைஞ்சு மெலிஞ்சு போச்சு, எலும்புக்கு வேலை குடுக்கிறதே பல்லுதானாம், வேலை இல்லன்னா அது கரைஞ்சிரும். அந்தப் பக்கம் மெல்ல முடியாம பதினெட்டு வருசம் மொத்த வேலையும் வலது பக்கத்துக்கே குடுத்து, கடைசியில வலது பக்கமும் ஆடி ஒண்ணாந்தேதி கைய விரிச்சிருச்சு.

இந்தத் தடவ அஞ்சு ரோடு பக்கம் ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன், என் கஸ்டமர் ஒருத்தங்க சொல்லி. வாயைத் திறந்து பாத்த உடனே வலிக்கிற பல்லைப் பாக்காம முன்பல்லைப் பாத்துட்டு "டெய்லரா நீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. நூல் கடிக்கிறவங்க, வாயில ஆணி வெச்சுக்கிற செருப்பு தைக்கிறவங்க, ஹேர்பின்னைப் பல்லால திறக்கிறவங்க எல்லாருக்கும் அந்தப் பள்ளம் விழுமாம். எங்க ஊர்ல கொலுசு பட்டறையில வேலை செய்றவங்ககிட்டயும் பாத்திருக்கேன்னாங்க, சின்ன வளையத்தைப் பல்லுல கவ்வி இழுப்பாங்கல்ல.

அப்புறம் எக்ஸ்ரே எடுத்தாங்க. நான் போன உடனே "பிடுங்கிருங்க டாக்டர்"னுதான் சொன்னேன், பழக்கதோசம். அவங்க ஸ்க்ரீனைக் காட்டி, "வேரு நல்லா இருக்குக்கா, சுத்தி எலும்பு நல்லா இருக்கு, உள்ள நரம்புதான் கெட்டிருக்கு. வீட்டுல வயரிங் எரிஞ்சா வயரிங்கை மாத்துவீங்களா, வீட்டை இடிப்பீங்களா?"ன்னாங்க. சரின்னுட்டேன்.

ரூட் கேனால்னா உயிரே போயிரும்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கே, நான் பாத்ததை அப்படியே சொல்றேன். ஒரு ஊசி, தாடை உள்பக்கம். அஞ்சு நிமிசத்துல பாதி உதடு, பாதி நாக்கு இல்லாத மாதிரி ஆயிருச்சு, தடவிப் பாத்தா வேற யாரோட உதடோ. பச்சை ரப்பர் சீட்டு ஒண்ணுல ஓட்டை போட்டு அந்த ஒரு பல்லு மட்டும் வெளிய தெரியற மாதிரி மாட்டினாங்க, எம்ப்ராய்டரி போட துணிய ஃப்ரேம்ல மாட்டற மாதிரியே இருந்துச்சு எனக்கு. எச்சில் உள்ள போகாம இருக்கவும், மருந்து தொண்டைக்கு இறங்காம இருக்கவும் அது. அப்புறம் சொத்தையெல்லாம் குடைஞ்சு எடுத்துட்டு, ஊசிய விட மெல்லிசா ஒரு கம்பி, அதுல அரம் மாதிரி பல்லு இருக்கு, அதை வேர்க்குழாய்க்குள்ள விட்டு விட்டு கழுவறாங்க. கழுவற மருந்து வாசனை தொட்டி கழுவுற ப்ளீச்சிங் பவுடர் வாசனைதான், கேட்டா கிட்டத்தட்ட அதேதான்னு சிரிச்சாங்க. கம்பி வேரோட நுனிய நெருங்க நெருங்க ஒரு சின்ன மெசின் பீப் பீப்னு கத்துது, கார் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. அந்தப் பல்லுக்கு பொதுவா மூணு குழாய், எனக்கு நாலு இருந்துச்சு. நாலாவதைக் கண்டுபிடிக்க அவங்க இருபது நிமிசம் பூதக்கண்ணாடிய மாட்டிக்கிட்டு குனிஞ்சே இருந்தாங்க, அதை விட்டுருந்தா கிருமி அங்கயே உக்காந்து ரெண்டு வருசத்துல மறுபடி சீழ் வெச்சிருக்கும். வலி? ஊசி போட்டப்ப எறும்பு கடி. மறுநாள் கடிச்சா லேசா ஒரு நோவு. அவ்ளோதான். ஆடி 1 ராத்திரி வலியில பத்துல ஒரு பங்கு இல்ல.

மூணு தடவ போனேன். கடைசியில சுத்தம் பண்ணின குழாயில ரோஸ் கலர்ல குச்சி குச்சியா ஒண்ணை அடைச்சாங்க, அது மலேசியா பக்கம் ஒரு மரத்துப் பால்ல இருந்து வர்றதாம், ரப்பருக்கு தூரத்துச் சொந்தம். அதுக்கு மேல பல்லுக்கு மூடி மாதிரி ஒரு கேப். கேப் போடாம விட்டுடலாமான்னு கேட்டேன், காசு கூடுதேன்னு. குடைஞ்சு எடுத்த பல்லு ஓடு மாதிரி, தட்டுவடையக் கடிச்சா நெட்டுக்கா பிளந்துக்கும், அப்ப காப்பாத்த முடியாது, பண்ணின மொத்த வேலையும் வீண்னாங்க. நிறைய பேரு இந்த இடத்துலதான் நின்னுடறாங்களாம், வலி போச்சுல்ல, அப்புறம் வர்றேன்னு.

எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐநூறு ஆச்சு. சும்மா சொல்லக்கூடாது, கை நடுங்குச்சு. ஆனா அன்னிக்கே இடது பக்கக் காலி இடத்துக்கு என்ன செலவாகும்னு கேட்டேன். எலும்புல ஸ்க்ரூ மாட்டி பல்லு வெக்கணும்னா அதைப் போல மூணு மடங்குக்கு மேல, எலும்பு வேற மெலிஞ்சு போனதால மொதல்ல எலும்பு வளர்க்கணும். பாலம் மாதிரி கட்டணும்னா ரெண்டு பக்கமும் நல்லா இருக்கிற பல்லை ராவணும். இருநூறு ரூபாய்க்கு பிடுங்கினது இப்ப எவ்வளவுக்கு வந்து நிக்குது பாருங்க. இன்னொண்ணு சொன்னாங்க, ஸ்க்ரூ பல்லு எவ்வளவு நல்லா இருந்தாலும் நம்ம பல்லு மாதிரி ஆகாது, ஏன்னா நம்ம பல்லு எலும்புல நேரா ஒட்டியில்ல, நடுவுல மெல்லிசா நார் நாரா கட்டி ஊஞ்சல் மாதிரி தொங்குது. சோத்துல ஒரு சின்ன கல்லு மாட்டினா டக்குனு தெரியுதே, அது அந்த நார் குடுக்கிற சேதி. ஸ்க்ரூவுக்கு அந்த நார் கிடையாது.

சரி, இதெல்லாம் வராம இருக்க என்ன பண்ணணும்னு கேட்டதுக்கு அவங்க என்னை ஒரு கணக்கு போடச் சொன்னாங்க. ஒரு நாளைக்கு எத்தனை டீ? காலையில ரெண்டு, பதினோரு மணிக்கு கடைக்கு ஒண்ணு, மூணு மணிக்கு ஒண்ணு, அஞ்சரைக்கு ஒண்ணு, முகூர்த்த சீசன்னா ராத்திரி ஒன்பதுக்கு இன்னொண்ணு. எல்லாத்துலயும் சர்க்கரை. அதுல பாதி மெசின் பக்கத்துல வெச்சு ஒவ்வொரு வாயா அரைமணி நேரம் இழுப்பேன். இனிப்பு வாய்க்குள்ள போனா கிருமி அதைத் தின்னு ஆசிட்டா மாத்துது, பிஎச்னு ஒரு அளவு இருக்கு, ஆசிட் ஏற ஏற அது இறங்கும், அது 5.5க்குக் கீழ போனா பல்லோட மேல்தோடு கரைய ஆரம்பிக்கும், அதை எச்சில் வந்து சமன் பண்ண அரைமணி, முக்கால்மணி ஆகும். நான் அந்த எச்சிலுக்கு நேரமே குடுக்கல, ஒண்ணு ஆறறதுக்குள்ள அடுத்த டீ. எவ்வளவு சர்க்கரைங்கறத விட எத்தனை தடவைங்கறதுதான் பல்லுக்குக் கணக்காம். வெல்லம் நல்லதாச்சே, நாங்க நாட்டுச்சர்க்கரைக்கு மாறிட்டோமேன்னேன். பல்லுல இருக்கிற கிருமிக்கு வெல்லமும் ஒண்ணு வெள்ளைச் சர்க்கரையும் ஒண்ணு, அது ஆர்கானிக்கான்னு பாத்து சாப்பிடறதில்லன்னாங்க.

இப்ப ரெண்டு டீயில மட்டும் சர்க்கரை, அதையும் அஞ்சு நிமிசத்துல குடிச்சு முடிச்சு தண்ணிய ஊத்தி கொப்புளிச்சுருவேன். மீதி சர்க்கரை இல்லாம. மொதல் ரெண்டு வாரம் கஷாயம் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

விளக்கறதும் தப்பாதான் விளக்கியிருக்கேன். எங்கப்பா உமிக்கரியும் உப்பும் போட்டு ஆள்காட்டி விரலால கரகரன்னு தேய்ப்பாரு, வெள்ளையாத்தான் இருக்கும், ஆனா சாகும்போது பல்லோட கழுத்துல எல்லாம் வெட்டு விழுந்த மாதிரி தேஞ்சு போயிருந்துச்சு. நான் அதே வேகத்தை ஹார்டு பிரஷ்ல காட்டினேன். சாஃப்ட் பிரஷ், ஈறும் பல்லும் சேருற இடத்துல சாய்ச்சு வெச்சு லேசா, ரெண்டு நிமிசம். ராத்திரி கட்டாயம், ஏன்னா தூங்கறப்ப எச்சில் ரொம்பக் குறைஞ்சு போகும், காவலுக்கு ஆள் இல்லாத நேரம். விளக்கி முடிச்சு நுரையத் துப்பிட்டு டம்ளர் டம்ளரா தண்ணி விட்டு கொப்புளிக்க வேண்டாம், பேஸ்ட்டுல இருக்கிற ஃப்ளோரைடு பல்லு மேல கொஞ்ச நேரம் இருக்கட்டும்னாங்க. இது மட்டும் எனக்கு இன்னும் பழகல, வாய் என்னமோ மாதிரி இருக்கு.

ஃப்ளோரைடுன்ன உடனே எனக்கு பயம் வந்துச்சு. என் நாத்தனாரைக் கட்டிக் குடுத்தது தர்மபுரி பக்கம், அங்க போர் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி, அவங்க ஊட்டுக்காரரு, கொழுந்தன் எல்லாருக்கும் பல்லு பழுப்புப் பட்டை பட்டையா இருக்கும், சிரிக்கும்போது கையால மூடிக்குவாங்க. குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு இருக்கு, அந்தப் பக்கம் நிறைய ஊர்ல அதைத் தாண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்ததே அதுக்காகத்தான், காவிரித் தண்ணிய தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டு போறது. அப்ப பேஸ்ட்டுல மட்டும் எதுக்குன்னு கேட்டேன். அந்தப் பழுப்பு, பல்லு ஈறுக்குள்ள உருவாகிற வயசுல, எட்டு வயசுக்குள்ள, தினம் தினம் வயித்துக்குள்ள போறதால வர்றது. வளந்தவங்க பேஸ்ட்டைப் பல்லு மேல பூசித் துப்பறாங்க, முழுங்கறதில்ல, அது மேல்தோடை ஆசிட்டுக்கு சுலபத்துல கரையாத மாதிரி கெட்டிப்படுத்தும். சின்னக் குழந்தைங்களுக்கு அரிசி அளவு, மூணு வயசுக்கு மேல பட்டாணி அளவு, பக்கத்துல நின்னு துப்ப வெக்கணும். விளம்பரத்துல காட்டற மாதிரி பிரஷ் நீளத்துக்கு பாம்பு மாதிரி பிதுக்கறதெல்லாம் அவங்க யாவாரத்துக்கு.

எங்கம்மா விசயத்தையும் சொல்லணும். எங்கம்மா வாயில ஒரு சொத்தை கிடையாது. வெத்தலை போடுவாங்க, கூடவே பாக்கு, பல்லு கறுப்பா இருக்கும், ஆனா ஓட்டை ஒண்ணு இல்ல, பெருமையா சொல்லிக்குவாங்க. நாப்பத்தெட்டு வயசுல சுகர் வந்துச்சு. ஈறுல ரத்தம், வாய் நாத்தம், அப்புறம் ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிச்சு ஐம்பத்தஞ்சுக்குள்ள மொத்தமும் போச்சு, சிலது அவங்களே ஆட்டி எடுத்துட்டாங்க. சொத்தை ஒண்ணும் இல்லாத பல்லுங்க, வேரோட. பிடிச்சிருந்த மண்ணு போச்சு, மரம் என்ன பண்ணும்? சுகர் இருந்தா ஈறு நோய் வேகமா பரவும், ஈறு நோய் இருந்தா சுகர் கட்டுக்குள்ள வராது, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தூக்கி விடும். அப்ப ஒருத்தங்க பல்லுல கெட்டியா படிஞ்சிருந்த காரையை க்ளீன் பண்ணி எடுக்கச் சொன்னாங்க, அம்மா வேண்டவே வேண்டாம்னுட்டாங்க, க்ளீன் பண்ணினா பல்லு ஆடும்னு தெருவே சொல்லுது. உண்மை என்னன்னா எலும்பு ஏற்கெனவே கரைஞ்சிருக்கும், அந்தக் காரைதான் சிமெண்ட் மாதிரி எல்லாத்தையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு ஆடாத மாதிரி காட்டும். எடுத்த உடனே உண்மை வெளிய வரும். பழி டாக்டர் மேல.

இப்ப அம்மாவுக்கு ரெண்டு செட் பல்லு, ராத்திரியில எவர்சில்வர் டம்ளர் தண்ணிக்குள்ள. மேல் செட் ஒட்டிக்கும், கீழ் செட் பேசும்போது நாக்கோட சேர்ந்து ஆடும், எலும்பு மேடு கரைஞ்சு தட்டையா ஆயிருச்சுல்ல. தட்டுவடை செட்டுன்னா உயிரு அவங்களுக்கு, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல கேரட் பீட்ரூட் துருவலும் ரெண்டு சட்னியும் வெச்சு ஒரே வாயில நறுக்குனு கடிக்கணும், அந்த நறுக்குதான் அதுல விசயமே. இப்ப கடைக்காரர்கிட்ட நொறுக்கல் வாங்கி, சட்னிய கூட ஊத்தச் சொல்லி, பத்து நிமிசம் ஊற வெச்சு சாப்பிடறாங்க. "நல்லாத்தான் இருக்கு கண்ணு"ன்னு சொல்றாங்க. சத்தமே வராம சாப்பிடறாங்க.

இதெல்லாம் கேட்டுக் கேட்டு மண்டையில ஏறினதாலதான் போன டிசம்பர்ல ஏற்காட்டுல ஒரு காரியம் பண்ண முடிஞ்சுது. அரைப்பரீட்சை லீவுக்கு தங்கச்சி குடும்பமும் நாங்களும் போயிருந்தோம். நல்ல பனி. தங்கச்சி பையன், பன்னிரண்டு வயசு, ஓடி வந்து ஈரப் படியில வழுக்கி கல்லு விளிம்புல மூஞ்சி அடிச்சு விழுந்தான். வாயெல்லாம் ரத்தம், மேல் முன்பல்லு ஒண்ணு இல்ல. தங்கச்சி அங்கயே உக்காந்து அழுதுட்டா. நான் மொதல்ல பல்லைத் தேடினேன். புல்லுல கிடந்துச்சு, முழுசா, வேரோட. நாம நினைக்கிறத விட நீளமுங்க ஒரு பல்லு.

வெள்ளையா இருக்கிற கடிக்கிற பக்கத்தை மட்டும் பிடிச்சுத் தூக்கினேன், வேரைத் தொடல. என் மச்சான் அதை வாங்கி கைக்குட்டையில துடைக்கப் போனாரு, கத்திட்டேன். அந்த வேர்ல ஒட்டியிருக்கிற நார் உயிரோட இருந்தாத்தான் பல்லு திரும்பப் பிடிக்கும், துடைச்சா, சோப்பு போட்டா, காஞ்சு போனா செத்துரும். பாட்டில் தண்ணியில ஒரு நொடி மண்ணு போக அலசிட்டு, உடனே அந்தக் குழியிலயே திருப்பி வெச்சு துணியக் கடிச்சுக்கச் சொல்றதுதான் ரொம்ப நல்லது. ஆனா அவன் வாயைத் தொட விடல, உதைக்கிறான். ரெண்டாவது வழி பால். எதிர்ல டீக்கடை, அண்ணன்கிட்ட காய்ச்சாத பால் பாக்கெட் ஒண்ணு வாங்கி, ஒரு டம்ளரும் கேட்டு வாங்கி (காசு வாங்கிக்கல அவரு), பல்லை அதுல போட்டு மூடிக்கிட்டேன். அரைமணி நேரத்துக்குள்ள போட்டா நல்லது, ஒரு மணி நேரத்துக்குள்ளயாவது டாக்டர் கைக்குப் போகணும், பால்ல இருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கும்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் போர்டுல நம்பர் போட்டிருக்கும்ல, நான் அதையே எண்ணிக்கிட்டு, டம்ளரை ரெண்டு கையாலயும் மார்போட அணைச்சுப் பிடிச்சு, பால் தளும்பி சேலையெல்லாம் ஈரம். பின்சீட்டுல அவன் துண்டைக் கடிச்சுக்கிட்டு படுத்திருக்கான். அடிவாரம் வந்ததும் போன் சிக்னல் நல்லா கிடைச்சு டாக்டரம்மாவுக்குச் சொன்னேன், கோரிமேடு தாண்டி அஸ்தம்பட்டி ட்ராபிக்குல நின்னதுதான் பெரிய கொடுமை. கதவைத் திறந்து வெச்சு காத்துக்கிட்டு இருந்தாங்க. ஊசி போட்டு, குழியக் கழுவி, பல்லைத் தள்ளி உக்கார வெச்சு, பக்கத்துப் பல்லுங்களோட மெல்லிசா கம்பி கட்டி ஒட்டினாங்க. ரெண்டு வாரம் கம்பி. வேர் முழுசா வளந்த பல்லுங்கறதால உள்ள நரம்புக்கு மறுபடி உயிர் வராது, அதனால அந்த ரெண்டு வாரத்துக்குள்ளயே ரூட் கேனாலும் ஆச்சு. இப்ப பிடிச்சு நிக்குது, ஆப்பிளை வெட்டித்தான் சாப்பிடறான். பின்னாடி வேரை எலும்பு தின்னாலும் தின்னலாம், வருசா வருசம் எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. ஆனா அப்படிப் போனாலும், அவன் தாடை வளந்து முடியற வரைக்கும் சொந்தப் பல்லு அந்த இடத்தைக் காத்துக்கிட்டு இருக்கும். ஒண்ணு மறந்துட்டேன், பால் பல்லு விழுந்தா இப்படித் திருப்பி வெக்கக் கூடாது, அடியில இருக்கிற பெரிய பல்லு முளைக்குருத்து கெட்டுரும். நிலைப்பல்லுக்கு மட்டும்தான் இது.

கடையில இப்ப ரெண்டு பொண்ணுங்க வேலை கத்துக்குதுங்க. ரெண்டுக்கும் கட்டர் வாங்கி நாடாவுல கோத்து குடுத்திருக்கேன். சின்னவ நான் டீ வாங்கப் போனா வாயாலதான் கடிக்கிறா, திரும்பி வந்து பாத்தா உதட்டுல பச்சை நூல் ஒட்டியிருக்கு.

வீட்டுல மிச்சம் இருக்கிற பிரச்சனை எங்க வீட்டுக்காரரு. பாக்குத் தூள், பாக்கெட்டு, கேட்டா ரெண்டே ரெண்டுதான்பாரு. வெறும் பாக்கையே 2004ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு கேன்சர் வரவைக்கிற பொருள்னு அறிவிச்சிருச்சு, புகையிலை சேராத பாக்கு கூடத்தான். வாய் உள்ள தோல் நார் நாராகி இறுகி, வாயே திறக்க முடியாமப் போகும். மூணு விரலை நெட்டா வெச்சு வாயத் திறங்க பாக்கலாம்னேன், அவருக்கு ரெண்டரைதான் போகுது. விரல் தடிமன்னு சமாளிக்கிறாரு. வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு இடது பக்கத்துக்கு எலும்பு ஸ்கேன் இருக்கு, ஏலச்சீட்டு எடுத்தாச்சு, அதே நேரத்துல அவருக்கும் சேர்த்து பேரு குடுத்துட்டேன். லோடு இருக்கு வரமாட்டேன்னு காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருக்காரு. வண்டிச் சாவி என் தையல் மெசின் டிராயர்ல இருக்கு.